அறளை பெயர்ந்தது யாருக்கு?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் எல்லோரும் நன்கு அறிந்த வசனம் ஒன்றுண்டு. வாசலிலேயே அதைச் சொல்லிவிடுவார்கள். "சுவாமி, மாமிக்கு இப்ப ஒண்டும் விளங்காது. அறளை பேந்து போச்சு." சொல்லுகிறவர் கெட்டவர் அல்லர். சுவாமியார் வீணாய்ச் சிரமப்படக் கூடாதே என்ற மரியாதையினாற்றான் சொல்லுகிறார். சுவாமியாரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறார்; சுருக்கமாகச் செபிக்கிறார்; நற்கருணையின் சிறு துண்டொன்றை அந்த வயோதிப மாதின் நாவில் வைக்கிறார். பின்னர் கட்டிலுக்கு மேலாலே மருமகளோடு கதைக்கிறார். சாப்பிடுகிறாவோ, நித்திரை எப்படி, மருந்து ஒழுங்காய்க் கொடுபடுகிறதோ என்று எல்லாம் விசாரிக்கிறார். யாரைப் பற்றிக் கதைக்கிறார்களோ அவர் இருவருக்கும் நடுவே கிடக்கிறார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

நானும் அப்படித்தான் கதைத்து வந்தேன். ஒருநாள் அவ்வாறு கதைத்துக்கொண்டு நிற்கையில், இரண்டு வருடங்களாக 'ஒன்றும் விளங்காத' அந்த மூதாட்டி என் அங்கியின் கையைப் பற்றி இழுத்து, "உரத்துச் சொல்லுங்கோ சுவாமி, எனக்குக் கேக்கேல்லை" என்றார்.

வாசகரே, இது புதுமைக் கதையன்று. அவருக்கு மறதி நோய் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றபோது இரண்டு காதுகளிலும் குறும்பி இறுகிக் கிடந்ததைக் கண்டார்கள். அதை எடுத்த பின்னும் ஒரு காது மந்தமாகவே இருந்தது. அதற்கு ஒரு கருவி பூட்டப்பட்டது. இவ்வளவிற்குப் பிறகும் அவர் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றித்தான் அழைக்கிறார். எனினும், நாம் 'விளங்காமை' என்று முத்திரை குத்தி வைத்திருந்ததில் ஒரு பகுதி மூளையிலே இருக்கவில்லை; காதிலே இருந்தது. இன்னொரு பகுதி, சொல்ல வெட்கமாயிருக்கிறது, நம்மிலே இருந்தது. ஒரு மனிதரோடு இரண்டு வருடங்கள் ஒருவரும் கதைக்காவிட்டால் அவர் என்னத்தைத்தான் விளங்கிக்கொள்வார்?

அன்று தொடக்கம் இக்கேள்வி என்னை விடவில்லை. 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஒருவரைப் பற்றி நாம் தீர்ப்புக் கூறும்போது அவருடைய நோயைப் பற்றிக் கூறுகிறோமா, அல்லது அவரைப் பற்றியே கூறுகிறோமா? அவரைப் பற்றியே என்றால், அப்படிக் கூறும் அதிகாரத்தை நமக்குத் தந்தவர் யார்?

முதலில் உடலின் பக்கத்தைப் பார்ப்போம். முதுமையின் இழப்புகள் தனித்தனியே வருவதில்லை. முழங்கால் வாதத்தினால் ஒரு பெரியவர் காலைப் பூசைக்கு நடந்து போவதை நிறுத்துகிறார். கால்தானே நின்றது என்று வீட்டார் எண்ணுகிறார்கள். ஆனால் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதைக்கின்ற அந்தக் கால் மணித்தியாலமும் அதனோடு நின்றுபோகிறது. இன்றைக்கு மீன் என்ன விலை, ஆருடைய பெட்டைக்குக் கலியாணம் பேசுகிறார்கள், எந்தப் பொடியன் எந்தச் சோதனை பாஸ் பண்ணினான் என்பவற்றைக் கேட்டு, மனதில் வைத்து, வீடு வந்து மனைவிக்குச் சொல்லுகின்ற வேலை அவருடைய மூளைக்கு இல்லாமற் போகிறது. பிறகு காது மந்தமாகிறது. சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்க வெட்கப்பட்டு, சிரித்துச் சமாளிக்கிறார். ஒருநாள் பொருந்தாத மறுமொழி ஒன்றைச் சொல்லிவிடுகிறார், பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். அடுத்த முறை அவர் வாய் திறப்பதில்லை. கேளாத காதோடு ஒரு வசனத்தைப் பிடிப்பதற்கே மூளையின் சக்தி பெரும்பாலும் செலவாகிவிடுவதால், அதை ஞாபகத்தில் பதித்துக்கொள்ள மிச்சம் சொற்பமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கண்ணிலே புரை விழுந்தால் பத்திரிகையும் செபப்புத்தகமும் கைவிட்டுப் போகின்றன. சாய்மனைக் கதிரை விறாந்தையிலிருந்து உள்ளறைக்குப் போகிறது. "அவருக்குக் காற்றுக் கூடாது" என்பது நாம் சொல்லும் நியாயம்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் மனம் சோர்ந்து போவதில் அதிசயம் என்ன? முதியவரின் மனச்சோர்வு எப்போதும் கண்ணீராக வருவதில்லை. பசியில்லை என்பார், உடம்பு ஏலாது என்பார், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் மறுமொழி சொல்வார், நேற்று நடந்ததை ஞாபகப்படுத்த முயலவும் மாட்டார். பார்ப்பவருக்கு இது மறதி நோய் போலவே தோன்றும். மனச்சோர்வுக்குத் தகுந்த சிகிச்சை பெற்று மறதியும் நீங்கியவர்கள் உண்டு. மனச்சோர்வே உண்மையான மறதி நோயின் முதல் அடையாளமாக வருவதும் உண்டு. எது எதுவென்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். அடுத்த வீட்டுக்காரர் அல்லர், பங்குச் சுவாமியாரும் அல்லர். இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நேற்றுவரை தெளிவாய் இருந்தவர் இன்று திடீரெனத் தடுமாறிப் பிதற்றினால் அது அறளையன்று. சலக்கிருமி, காய்ச்சல், உடம்பில் நீர் வற்றியமை, புதிதாய் எடுத்த மருந்து, பாரிசவாதம் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றாய் இருக்கலாம். தாமதியாது அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். 'வயது போனால் அப்படித்தான்' என்று வீட்டில் வைத்திருந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்களில் நான் மரணச் சடங்கு செய்திருக்கிறேன்.

லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகை கூட்டிய நிபுணர் குழு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு ஏதுவாகின்ற, ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை எடுத்துக்காட்டுகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், மிதமிஞ்சிய குடி என்பன நாம் எதிர்பார்க்கக் கூடியவை. அவற்றோடு ஒரே வரிசையில் காது மந்தம், சிகிச்சை செய்யாத பார்வைக் குறைவு, மனச்சோர்வு, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவையும் இடம்பெறுகின்றன. பதினான்கும் உலகில் முற்றாக ஒழிக்கப்படின், மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இது உலகத்துக்குப் போட்ட கணக்கு. உங்கள் அம்மாவுக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தால் நோய் வராது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்று வருடங்கள் கவனித்து 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, காதுக் கருவியினால் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பார்க்கையில் ஞாபக சக்தியில் வித்தியாசம் காணப்படவில்லை என்றே கூறிற்று. ஆனால் ஏற்கெனவே நோய்க்கு ஏதுவானவை கூடுதலாயிருந்த பிரிவினரிடையே, சிந்தனைத் திறன் குன்றும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மிகைப்படுத்தாமல் சொன்னாலும் அது சிறிய காரியமன்று.

கத்தோலிக்க வாசகர்களுக்குத் தனிப்பட்ட உரிமையுள்ள ஆய்வொன்றும் இருக்கிறது. 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நோத்ர டாம் பாடசாலைச் சகோதரிகள் சபையின் மடமொன்றில் தொடங்கியது அது. காலப்போக்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 678 கன்னியர் அதில் சேர்ந்தனர். வருடந்தோறும் ஞாபகப் பரிசோதனைக்கு உட்படவும், மரித்த பின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் சம்மதித்தனர். வாழ்நாளெல்லாம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள், இறந்த பிறகும் கொடுத்தார்கள். அவர்களுள் ஒரு சகோதரி 101 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சிறிது காலம் முன்புவரை பரிசோதனைகளில் தெளிவாகவே மறுமொழி சொன்னவர் அவர். மூளையைப் பிரித்துப் பார்த்தபோதோ, அல்சைமர் நோய்க்குரிய படிவுகளும் முடிச்சுகளும் நிறையக் காணப்பட்டன. நோயின் அடையாளம் மூளையிலே இருந்தது, வாழ்க்கையிலே தெரியவில்லை. வேறு சில சகோதரிகளின் மூளையில் அத்தகைய படிவுகளோடு சிறு பாரிசவாதத்தின் தழும்புகளும் சேர்ந்திருந்தன. அவர்களிடையே நோய் கூடுதலாக வெளிப்பட்டிருந்தது.

இதற்கு மடத்து வாழ்க்கைதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசை. மணியடித்தால் எழும்பவும், ஒன்றாய்ச் செபிக்கவும், ஒன்றாய் உண்ணவும், தொண்ணூறு வயதிலும் காய்கறி நறுக்கவோ கடிதம் எழுதவோ தன்னால் இயன்ற ஒரு வேலையைக் கையில் வைத்திருக்கவும் பழகிய வாழ்க்கை அது. ஆனால் அந்த ஆய்வு அதை நிரூபிக்கவில்லை. அதே மடத்தில், அதே செபத்தைச் செபித்து, அதே சோற்றைச் சாப்பிட்ட பல சகோதரிகள் தம் சொந்தப் பெயரையும் மறந்து இறந்தார்கள். செபம் இந்நோய்க்குத் தடுப்பூசியன்று. நோய் கண்டவர் செபத்தில் குறைவுபட்டவரும் அல்லர். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் 'அவர் கோயில் குளம் பாராத மனிசன், அதுதான் இப்படி' என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னமும் கேட்கிறது.

ஆகவே, நாம் செய்யக்கூடியதையெல்லாம் செய்த பின்பும் சிலருக்கு ஞாபகம் போகத்தான் போகிறது. கேள்வி இங்கேதான் கடினமாகிறது. காது கேளாதவரோடு உரத்துப் பேசலாம். நடக்க முடியாதவரைக் கதிரையில் வைத்துத் தள்ளிச் செல்லலாம். மகனைப் பார்த்து "நீர் ஆர்?" என்று கேட்கும் தாயை என்ன செய்வது? அவர் இன்னும் அதே தாய்தானா?

ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் லொக், 1694இல் தமது நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த ஓர் அதிகாரத்தில், ஒரு மனிதனை அதே ஆளாக வைத்திருப்பது அவனது தன்னுணர்வே என்று வாதித்தார். நேற்றுச் செய்ததை 'நான் செய்தேன்' என்று உணரும் எல்லை எவ்வளவோ அவ்வளவே அந்த ஆள். பார்வைக்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. நம்மில் பலர் லொக்கின் பெயரையே கேள்விப்படாமல் அவருடைய சீடராக இருக்கிறோம். "அம்மா எப்போதோ போய்விட்டா, இப்ப இருக்கிறது உடம்பு மட்டும்" என்று கண்ணீரோடு சொல்லும் மகள் அவருடைய சித்தாந்தத்தைத்தான் சொல்லுகிறாள். அவளுடைய துக்கத்தை நான் மதிக்கிறேன். அவள் சொல்லும் சித்தாந்தத்தை என்னால் ஏற்க முடியாது.

திருச்சபை வேறுவிதமாய் நினைத்து வந்திருக்கிறது. ஆன்மா என்பது உடலாகிய வள்ளத்திலே ஏறியிருந்து துடுப்புப் போடுகிற ஓர் ஓட்டி அல்ல. இந்த உடலை மனித உடலாக உயிர்ப்பிக்கின்ற உருவமே ஆன்மா என்று புனித தோமஸ் அக்குவீனாஸ் கற்பித்தார். 1311–12இல் பிரான்சு நாட்டின் வியென் நகரில் கூடிய பொதுச்சங்கம் இவ்வுண்மையைத் திருச்சபையின் போதனையாக உறுதிப்படுத்தியது. அப்படியானால் 'உடம்பு மட்டும்' இருக்கிறது என்று ஒருபோதும் சொல்ல இயலாது. மூச்சு உள்ளமட்டும் அந்த உடம்பிலே இருப்பவர் அவரேதான். ஆன்மா தன் கருவிகளில் ஒன்றை இழந்திருக்கிறது; தன்னை இழக்கவில்லை.

ஞாபகத்தின் பெருமையைப் பாடியவர்களுள் முதன்மையானவரான புனித அகுஸ்தீனாரும், தமது பாவசங்கீர்த்தன நூலின் பத்தாம் புத்தகத்தில் அதனை ஒரு மாளிகையாக வியந்து வியந்து வர்ணித்துவிட்டு, கடைசியில் தம்முடைய மனதே தம்மை முழுவதும் அடக்கிக்கொள்ளப் போதாததாய் இருக்கிறதே என்று திகைத்து நிற்கிறார். நாம் யார் என்பதை நம்மில் ஒருவரும் முழுதாக ஞாபகத்தில் வைத்திருப்பதில்லை.

வாசகரே, உமது ஞானஸ்நானம் உமக்கு ஞாபகமிருக்கிறதா? இராது. தலையில் தண்ணீர் பட்டதும் அழுதீரா, நித்திரையாய் இருந்தீரா என்பதைத் தாய் சொல்லித்தான் அறிந்தீர். ஒன்றும் விளங்காத, ஒன்றும் ஞாபகம் வைத்திராத ஒரு சிசுவைத் திருச்சபை பெயர் சொல்லி அழைத்துப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. அது மறுமொழி சொல்ல இயலாததால் ஞானத்தாய் தகப்பன்மார் அதற்காக மறுமொழி சொன்னார்கள். உமது வாழ்வின் முதல் மூன்று வருடங்களை உமக்காக ஞாபகத்தில் வைத்திருந்தவர் வேறொருவர். அந்தக் காலத்தில் நீர் ஆள் இல்லையா? உமது கடைசி மூன்று வருடங்களையும் வேறொருவர் வைத்திருக்க வேண்டி வரலாம். அப்போதும் நீர் நீரேதான். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும், அறிவு தெளிவாயிருந்த காலத்தில் உள்ளத்தாலாயினும் விரும்பியிருப்பார் எனக் கருதத்தக்க நோயாளருக்கு நோயிற்பூசுதல் கொடுக்கப்பட வேண்டுமென்கிறது. அவருடைய விருப்பத்தை அவர் மறந்துவிட்டாலும் திருச்சபை மறப்பதில்லை.

இதோடு, 'ஒன்றும் விளங்காது' என்பதே பல வேளைகளில் பிழை. பாரிசவாதத்தால் பேச்சிழந்த ஓர் அண்ணாவியாரை நான் அறிவேன். தம் பெயரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்று கேட்கவும் வாய் வராது. ஒருநாள் பக்கத்தில் யாரோ எஸ்தாக்கியார் நாட்டுக்கூத்தின் மெட்டு ஒன்றைச் சும்மா முணுமுணுத்தபோது, அவர் அடுத்த வரியைச் சொற்பிசகின்றிப் பாடிவிட்டார். பாட்டும், மனப்பாடமான செபமும், எண்ணுவதும் பேச்சிழந்தவர் சிலரின் வாயில் மிஞ்சியிருப்பது வைத்தியருக்குத் தெரிந்த விஷயமே. மறதி நோயிலும் இசை நெடுங்காலம் தங்கிநிற்பதுண்டு. செபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' என்று பாதியில் நிறுத்திப் பாருங்கள். சில வீடுகளில் மீதியைச் சொல்லும் குரல் உள்ளறையிலிருந்து வரும். சில வீடுகளில் வராது. வராத வீட்டிலும் நிறுத்திக் காத்திருந்தவர் நஷ்டப்படவில்லை.

வேதாகமம் இவ்விஷயத்தில் நம்மைவிட வெளிப்படையாகப் பேசுகிறது. நான்காம் கற்பனையைச் சிறு பிள்ளைகளுக்கான கற்பனையாகவே நாம் ஞானோபதேசத்தில் கற்றோம். சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரமோ வளர்ந்த மக்களைப் பார்த்து, தகப்பனின் அறிவே குறைந்து போனாலும் பொறுமையாயிரு, உன் பலத்தை எண்ணி அவரை இகழாதே என்று புத்தி சொல்லுகிறது. எழுதியவர் ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். இசாக் கண் மங்கிக் கிடக்கிறார். குரல் யாக்கோபுடையதாகவும் கை எசாவுடையதாகவும் இருக்கிறதென்று சந்தேகிக்கிறார், தடவிப் பார்க்கிறார், மணந்து பார்க்கிறார், எஞ்சிய புலன்களை எல்லாம் கொண்டு உண்மையைத் தேடுகிறார். வீட்டார் அவருடைய குருட்டுத்தனத்தைத் தங்களுக்கு ஆதாயமாக்கிக்கொள்கிறார்கள். ஆட்டுத்தோல் உடுத்தித்தான் இது நடக்க வேண்டுமென்றில்லை. தாய்க்கு இன்ன காணி, இன்ன உறுதி என்று விளங்காத நிலை வந்த பின்பு, நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்துப் பெருவிரல் அடையாளம் எடுப்பவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். 'ஒன்றும் விளங்காது' என்று சுவாமியாருக்குச் சொன்ன அதே வாய், நொத்தாரிசுக்கு 'எல்லாம் விளங்கும்' என்று சொல்லுகிறது. இது களவு. காணி எழுதிவாங்கியவர் மற்றச் சகோதரங்களுக்கு ஈடுசெய்யாமல் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொல்லித் தீர்க்கக்கூடிய காரியமும் அல்ல.

பொய்யைப் பற்றிப் பேசும்போது, பலர் என்னிடம் அந்தரங்கமாய்க் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்ல வேண்டும். 2009இல் முடிந்த யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த தாய்மார் இன்று வயோதிபராகிவிட்டனர். அவர்களுள் சிலர் மகன் இல்லை என்பதையே மறந்துவிட்டனர். பொழுதுபட்டதும் "தம்பி இன்னும் வரேல்லையோ?" என்று படலையைப் பார்க்கிறார்கள். என்ன மறுமொழி சொல்வது? உண்மையைச் சொன்னால் அன்றுதான் முதன்முறை கேட்டவர்போல் துடிக்கிறார்; மறுநாள் மறந்துவிட்டு மறுபடியும் கேட்கிறார். ஒவ்வொரு மாலையும் ஒரு மரணச் செய்தி. பொய் எதுவாயினும் பாவமே என்பது அகுஸ்தீனாரின் கண்டிப்பான கொள்கை. நான் அதைத் தளர்த்த வரவில்லை. ஆனால், கேட்கப்பட்டது எது என்று பாருங்கள். அவர் தகவல் கேட்கவில்லை. மகனை நினைத்து ஏங்குகிறார். "தம்பியை நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ அம்மா? சின்னனிலை அவன் என்ன குழப்படி செய்தவன்?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்து கதை கேட்கலாம். அதில் பொய்யில்லை. கொடுமையும் இல்லை. நேரம் மட்டும் செலவாகும்.

நேரம்தான் இங்கே உண்மையான விலை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமையென விதித்து, கவனிக்கப்படாத முதியோர் பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையையும் ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல சட்டம். எந்தச் சபையும் ஒரு மகனைத் தாயோடு கதைக்கும்படி கட்டளையிட முடியாது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கும் அதிகம். நம் பகுதிகளிலோ, இளையவர்கள் கனடாவிலும் பிரான்சிலும் லண்டனிலும் இருக்க, பெரிய கல்வீட்டில் தனித்து ஒரு கிழவனும் கிழவியும், அல்லது ஒரு கிழவி மாத்திரம் என்ற நிலை சாதாரணமாகிவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரசங்கம் வைப்பது எளிது. அவர்களுடைய காசில் திருத்திய கோயிலில் நின்றே அதைச் செய்கிறோம். அவர்களுக்கு நான் ஒன்றே சொல்வேன். ரெலிபோனில் "சாப்பிட்டீங்களோ? மருந்து போட்டீங்களோ?" என்று கேட்டு வைத்துவிடாதீர்கள். சோதனை வைப்பதுபோல் "நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்" என்றும் கேட்காதீர்கள். பெயரை நீங்களே சொல்லுங்கள். அங்கே பனி கொட்டுகிறதா, இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், பிள்ளை பாடசாலையில் என்ன செய்தது என்பவற்றைச் சொல்லுங்கள். முகம் தெரியும் போனாக இருந்தால் முகத்தைக் காட்டுங்கள். மறுமொழி வராவிட்டாலும் சொல்லுங்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல், தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்குமென்று யூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை உலக தினமாக ஏற்படுத்தினார். நம் பங்குகளிலும் அன்று முதியோரை முன்வரிசையில் இருத்தி, மாலை போட்டு, சர்பத் கொடுக்கிறோம். போட்டோவும் எடுக்கிறோம், இப்பத்திரிகையில் அதைப் போடுகிறவனும் நானே. ஆனால் அந்த முன்வரிசைக்கு வர இயலாதவர்களைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன்.

முதலில் குறிப்பிட்ட அந்த மருமகளிடம் திரும்பி வருகிறேன். அவர் கெட்டவர் அல்லர் என்றேன், அது போதாது. புருஷன் வெளிநாட்டில். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். இரவில் மூன்று தடவை எழும்பி மாமியைப் புரட்டிக் கிடத்துகிறார். காதுக் குறும்பியைக் கவனிக்கவில்லை என்று அவரைக் குற்றம் சாட்ட எனக்கு வாய் வராது. மாதம் ஒருமுறை வந்து போன நானும் கவனிக்கவில்லை. ஒருநாள், "என்ன பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையிலை பூசைக்குக் காணேல்லை?" என்று கேட்டேன். "மாமியை ஆரோடை விட்டிட்டு வாறது சுவாமி?" என்றார். மூன்று வருடங்களாக அவர் பூசைக்கு வரவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். பங்கிலே எத்தனையோ சபைகள் இருக்கின்றன. எத்தனையோ கூட்டம் வைக்கிறோம்.

அந்த வாரக் கூட்டத்தில் மரியாயின் சேனைப் பெண்களிடம் இதைச் சொன்னேன். "ஒண்டும் விளங்காத ஆளோடை இரண்டு மணித்தியாலம் என்னத்தைக் கதைக்கிறது சுவாமி?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் மறுமொழி தெரியவில்லை. எனினும் முறைபோட்டுக்கொண்டு போகத் தொடங்கினார்கள். சிலர் ஒருமுறையோடு நின்றுவிட்டார்கள். அப்படிக் கேட்டவரே இப்போது மாதம் இருமுறை போகிறார். கதைக்க ஒன்றுமில்லாமல் ஒருநாள் தம் வீட்டு முருங்கையிலைக் கட்டையும் சுளகையும் கொண்டு போனாராம். மூதாட்டியின் மடியில் சுளகை வைத்ததும் கை தானாக உருவத் தொடங்கிற்றாம். காம்பு ஒன்று தப்பவில்லையாம். இடையிடையே, "நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டாராம். நாலு தடவை கேட்டாராம். நாலு தடவையும் இவர் தகப்பன் பேரைச் சொன்னாராம். மருமகள் அன்று இரண்டாம் பூசையில் கடைசி வாங்கில் இருந்தார். பிரசங்கத்தின்போது நித்திரையாகிவிட்டார், பக்கத்தில் இருந்தவர்களும் எழுப்பவில்லை.